வீட்டுக் கணினிக்குச் சில மென்பொருள்கள்: அமைக்கும் முறையும் சறுக்கும் இடங்களும்

இங்கே வரும் எல்லாமே வீட்டில் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடுபவை. பாதிப் பெயர்களையாவது ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். சிக்கல் நிறுவிய பிறகுதான் தொடங்குகிறது. எந்த அமைப்பை மாற்றுவது, எந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பது என்று தெரியாமல் "இது சரியில்லை" என்று நீக்கிவிடுகிறோம். அதனால் பெயர்களை அடுக்குவதற்குப் பதில், சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இறக்குவதற்கு முன்

தேடுபொறியில் மென்பொருளின் பெயரைத் தட்டினால் மேலே வருவது பல நேரம் விளம்பரம். அதை அழுத்தினால் கிடைப்பது, அதே மென்பொருளோடு வேறு இரண்டு குப்பைகளையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முகவரி தெரியாவிட்டால் விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் பக்கத்துக்குப் போனால், வலப்பக்கப் பெட்டியில் அதிகாரப்பூர்வ முகவரி பெரும்பாலும் இருக்கும்.

இறக்கிய கோப்பை வலச்சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவலைப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயர் இருந்தால் நல்லது. இல்லாததாலேயே அது போலி என்று ஆகிவிடாது. கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதால் சிறிய, நாணயமான தயாரிப்பாளர்கள் சிலர் அதை வாங்குவதில்லை. அந்த இடத்தில் உதவுவது ஷா-256 எண், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற நீண்ட எண். தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் உங்கள் கோப்பின் எண்ணும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எண்ணைக் கணக்கிடத் தனி மென்பொருள் வேண்டாம். கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப் நிறுவியிருந்தால் வலச்சொடுக்குப் பட்டியலிலேயே அதற்கான வரி வந்துவிடும்.

செவன்-ஜிப்பைப் பற்றி இரண்டே வார்த்தை. கடவுச்சொல் போட்டுச் சுருக்கும்போது வடிவத்தை செவன்-இசட் என்று வைத்து, கோப்புப் பெயர்களையும் மறையாக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். அதை விட்டுவிட்டால் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாதே தவிர, என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும் இதில் போட்டாலும் சுருங்காது. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

வட்டு நிரம்பிவிட்டதா?

வட்டில் எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ, கோப்புகளைப் பெயரால் தேடும் எவ்ரிதிங் என்ற இரண்டும் விண்டோஸின் சொந்தத் தேடலைவிடப் பல மடங்கு வேகம். காரணம் எளிது: ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்க்காமல், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் வட்டு வடிவம்) வட்டு தன்னிடமே வைத்திருக்கும் கோப்பு அட்டவணையை நேரடியாக வாசிக்கின்றன. எவ்ரிதிங்கில் அளவு என்ற நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால், கணினியிலேயே பெரிய கோப்பு முதல் வரியில் வந்து நிற்கும். மறந்துபோன திரைப்படம், இரண்டு முறை இறக்கிய கோப்பு எல்லாம் அங்கேயே அகப்படும். வழக்கமாகப் பெயரைத்தான் தேடும், கோப்புக்குள் இருக்கும் எழுத்தைத் தானாகத் தேடாது. பென் டிரைவ் பெரும்பாலும் வேறு வடிவத்தில் இருப்பதால் தானாகச் சேராது. ஆப்ஷன்ஸில் ஃபோல்டர்ஸ் பகுதியில் கையால் சேர்க்க வேண்டும்.

பெரிதாகத் தெரிகிறதே என்று எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். ஹைபர்ஃபில், பேஜ்ஃபைல் என்று தொடங்கும் இரண்டும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் பல ஜிபி காட்டும். அதில் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கும் அதே கோப்பின் இன்னொரு பெயர்தான். கை வைத்தால் இடம் மிஞ்சாது, விண்டோஸ்தான் கெடும்.

விஎல்சியில் வசனமும் வாயசைப்பும்

விஎல்சியைப் பலர் வெறும் பிளேயராகவே பயன்படுத்துகிறார்கள். அதன் அருமை துணைவசனத்தில் இருக்கிறது. வசனக் கோப்பின் பெயரும் படத்தின் பெயரும் ஒன்றாக இருந்து, இரண்டும் ஒரே கோப்புறையில் இருந்தால் தானாக ஏறிவிடும்.

வசனம் முந்தி வந்தால் எச் விசை, பிந்தி வந்தால் ஜி விசை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 50 மில்லிநொடி நகரும். ஐந்தாறு நொடி வித்தியாசம் இருந்தால் நூறு முறைக்கு மேல் அழுத்த வேண்டியிருக்குமே என்று பயப்பட வேண்டாம். ஒரு குறிப்பிட்ட வசனம் காதில் விழும் கணத்தில் ஷிஃப்டும் எச்சும், அதே வசனம் திரையில் எழுத்தாக வரும்போது ஷிஃப்டும் ஜேயும், கடைசியில் ஷிஃப்டும் கேயும் அழுத்துங்கள். வித்தியாசத்தை அதுவே கணக்கிட்டுச் சரிசெய்துகொள்ளும். குரலுக்கும் வாயசைப்புக்கும் பொருத்தமில்லை என்றால், அதற்கு ஷிஃப்ட் இல்லாமல் ஜேயும் கேயும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் கதையே வேறு. படம் நொடிக்கு 23.976 சட்டகத்தில் (ஃப்ரேம்) இருக்க, வசனம் 25 சட்டகத்துக்கு எழுதப்பட்டிருக்கும், அல்லது நேர்மாறாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகிவிடும். எச்சையும் ஜியையும் எத்தனை முறை தட்டினாலும் இது தீராது. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் வசனக் கோப்பைத் திறந்து, சின்க்ரனைசேஷன் மெனுவில் சட்டக வேகத்தை மாற்றும் வரியைத் தேர்ந்து, இரண்டு எண்களையும் கொடுத்துச் சேமியுங்கள். மூலக் கோப்பின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எண்களைத் திருப்பிப் போட்டுவிட்டால் விலகல் இரட்டிப்பாகும்.

தமிழ் வசனம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் காரணம் எழுத்துரு. டூல்ஸ், ப்ரெஃபரன்சஸ், சப்டைட்டில்ஸ் என்று போய் எழுத்துருவை நிர்மலா யுஐ ஆக்குங்கள். பொருளற்ற குறிகளாகத் தெரிந்தால் காரணம் குறியாக்கம். அதே இடத்தில் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்து, விஎல்சியை மூடித் திறக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் வசனக் கோப்பே யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்கத்தில் எழுதப்பட்டிருக்கலாம்; அதை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

பழைய கேசட்டை ஆடாசிட்டியில் ஏற்றுவது

ஆடாசிட்டி ஒலியைப் பதிந்து திருத்தும் மென்பொருள். வீட்டுக் கணினியால் ஆகும் உருப்படியான வேலைகளில் கேசட்டை ஏற்றுவதற்குத்தான் முதலிடம் கொடுக்கலாம். காந்த நாடா ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. ஒருமுறை நன்றாகப் பதிந்துவிட்டால் பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

தேவையானவை: ஓடும் நிலையில் ஒரு கேசட் பிளேயர், இரு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் உள்ள கம்பி, லைன்-இன் (வெளிக்கருவியின் ஒலியை உள்வாங்கும் துளை) உள்ள கணினி. இந்த மூன்றாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட்டுக்கானது. அதன் மைக் உள்ளீடு மோனோ, அதோடு மிக மெல்லிய சத்தத்துக்காக அமைந்தது. பிளேயரை அதில் சொருகினால் ஒரு பக்க ஒலி போய்விடும், மீதி உடைந்து கேட்கும். யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது ஸ்டீரியோ லைன்-இன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; மலிவானவற்றில் பெரும்பாலும் மோனோ மைக் மட்டுமே இருக்கும்.

முதலில் பிளேயரைச் சுத்தம் செய்யுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஹெட்டையும் நாடா உரசிப்போகும் உலோகப் பகுதிகளையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்புக் கறை வருவது நின்றால் போதும். பிறகு கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் கிடந்த நாடா இறுகியிருக்கும். இப்படிச் செய்தால் தளர்ந்து சீராக ஓடும்.

ஆடாசிட்டியில் ஆடியோ செட்டிங்ஸைத் திறந்து, பதிவுக் கருவியாக யுஎஸ்பி அட்டையையும், சேனல்கள் இரண்டு என்றும், வேகம் 44100 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். விண்டோஸின் ஒலி அமைப்பில் அந்தக் கருவிக்கு ஏதாவது "மேம்பாடு" இயங்கினால் நிறுத்துங்கள். பேச்சுக்காகச் செய்த அந்த வசதி, பாட்டின் மெல்லிய இடங்களைச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும்.

கேசட்டில் சத்தம் அதிகமான பகுதியை ஓட்டி அளவியைக் கவனியுங்கள். உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் முனை நறுக்கப்படும். அதைப் பின்னால் உண்மையாக மீட்க வழியில்லை. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆடாசிட்டி பதியும் 32-பிட் வடிவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 எம்பி ஆகும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஜிபி ஒதுக்குங்கள்.

இனி இரைச்சல். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், இரைச்சல் மட்டும் கேட்கும் இரண்டு மூன்று நொடியைத் தேர்ந்தெடுங்கள். கேசட்டின் தொடக்கத்தில் வரும் பிளாஸ்டிக் பட்டையை எடுக்கக் கூடாது. அதில் காந்தப் பூச்சே இல்லை, ஆகவே நாடாவின் இரைச்சலும் இல்லை. எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷனைத் திறந்து மாதிரியை எடுக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்து, 6 முதல் 9 டெசிபல் குறைக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாக 20, 25 என்று போட்டால் இரைச்சல் போகும், ஆனால் பாடகர் தண்ணீருக்குள் நின்று பாடுவதுபோல் ஆகிவிடும். அளவு சரியா என்று அறிய நல்ல வழி ஒன்று உண்டு. அதே சாளரத்தில் ரெசிட்யூ என்ற தேர்வை வைத்து முன்னோட்டம் கேளுங்கள். அது நீக்கப்போகும் ஒலியை மட்டும் ஒலிக்கும். அதில் குரலோ வாத்தியமோ கேட்டால் அளவைக் குறையுங்கள்.

ஒலியளவைக் கூட்டுவது இதற்குப் பிறகுதான். மாதிரி எடுத்தபின் இடையில் ஒலியளவை மாற்றினால் மாதிரி பொருந்தாமல் போகும். நார்மலைஸில் உச்சத்தை மைனஸ் 1 என்று கொடுங்கள்.

ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் கன்ட்ரோலும் பி விசையும் அழுத்திப் பெயர் எழுதுங்கள். ஏற்றுமதி செய்யும்போது பல கோப்புகளாகப் பிரிக்கும் வசதியைத் தேர்ந்தால் அந்தப் பெயர்களிலேயே தனித்தனிப் பாட்டாக வந்துவிடும். கேட்பதற்கு எம்பி3, 192 கிலோபிட் போதும். நிமிடத்துக்கு ஒன்றரை எம்பிக்கும் குறைவு. பாதுகாத்து வைப்பதற்கு, தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக். ப்ராஜெக்டைச் சேமிப்பதும் ஏற்றுமதி செய்வதும் வேறு வேறு. ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் கைப்பேசிக்கு அனுப்பினால் அங்கே பாடாது.

வீடியோ நாடாவைக் கணினியில் ஏற்றியவர்களுக்கு, வீடியோவைச் சுருக்கி வடிவம் மாற்றும் ஹேண்ட்பிரேக். அதில் தரத்தைத் தீர்மானிக்கும் ஆர்எஃப் எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். 1080 வரிப் படத்துக்கு 20 முதல் 23 போதும். பழைய கேமராப் படங்களில் அசைவின்போது சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், ஃபில்டர்ஸில் டீஇன்டர்லேஸைப் போடுங்கள்.

பொழுதுபோக்குக்கு

ஸ்டெல்லேரியம் வானத்தைத் திரையில் விரிக்கும். திறந்ததும் எஃப்6 அழுத்தி ஊரைச் சரிபாருங்கள். இணைய இணைப்பை வைத்து ஊரை அது ஊகிப்பதால், பல நேரம் தொலைவான நகரத்தைக் காட்டும். வானம் பொருந்தவில்லை என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சி விசை விண்மீன் கூட்டங்களுக்குக் கோடு போடும், வி பெயர் எழுதும், ஏ காற்று மண்டலத்தை நீக்கிப் பகலிலும் விண்மீன்களைக் காட்டும், ஜி தரையையே எடுத்துவிடும். எல் காலத்தை விரைவாக்கும், கே இயல்புக்குக் கொண்டுவரும், எட்டு இன்றைய நேரத்துக்குத் திருப்பும்.

ஒரு பயிற்சி. ஊரை இத்தாலியின் பாதுவா என்று வைத்து, எஃப்5 அழுத்தி 1610 ஜனவரி 7 மாலைக்குப் போங்கள். எஃப்3இல் வியாழனைத் தேடி, சாய்கோட்டு விசையை அழுத்தி நெருங்குங்கள். கலிலியோ அன்று வியாழனருகே மூன்று புள்ளிகளைத்தான் கண்டார். பெரிய நிலாக்களோ நான்கு. அயோவும் யூரோப்பாவும் எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்று பார்த்தால் காரணம் தானே விளங்கும். அடுத்து ஊரை எகிப்தின் லக்சோர் ஆக்கி, 2027 ஆகஸ்ட் 2 நண்பகல் கடந்த நேரத்துக்குத் தாவுங்கள். முழுச் சூரிய கிரகணம் அங்கே ஆறு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும்.

விளையாட்டில், புதியவர்களுக்கு, போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஓபன்டிடிடி. ரயில்பாதை போட ஆரம்பித்தால் இரவு போவது தெரியாது. வாள், மந்திரம், திருப்பம் திருப்பமாக ஆடும் போர் என்றால் பேட்டில் ஃபார் வெஸ்னாத்.

டாஸ் காலத்து விளையாட்டுகள் இன்றைய 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. 16-பிட் நிரல்களை அது ஏற்பதில்லை. டாஸ் என்ற அந்தப் பழைய இயங்குதளத்தைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸை நிறுவி, விளையாட்டின் இயக்கக் கோப்பை இழுத்து அதன் சின்னத்தின் மேல் விட்டால் போதும், கட்டளை எதுவும் தட்ட வேண்டாம். மெதுவாக ஓடினால் கன்ட்ரோலும் எஃப்12ம், தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலும் எஃப்11ம். மவுஸ் உள்ளே சிக்கிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10ம் விடுவிக்கும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் எஃப்9ஐ கன்ட்ரோலோடு அழுத்திவிடாதீர்கள். கேள்வியே கேட்காமல் டாஸ்பாக்ஸை மூடிவிடும், சேமிக்காத ஆட்டம் போயே போச்சு.

சுட்டிச் சொடுக்கி ஆடும் சாகச விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸைவிட ஸ்கம்விஎம் நல்லது. 1994இல் வெளிவந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003 முதல் இலவசம். ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கும். கோப்பை விரித்து, ஆட் கேம் பொத்தானில் அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். ஜிப்பாகவே விட்டால் விளையாட்டு எதுவும் இல்லை என்று சொல்லும்.