வெயில் ஏறினால் இலை எப்போது வேலையை நிறுத்தும்? ஒரு சிரிஞ்சும் ஆப்ப சோடாவும் வைத்து அளக்கலாம்

மே மாதத்தில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர் வேலூர். நாம் நிழலில் ஒதுங்கிவிடலாம், மாடித்தொட்டிக் கீரைக்கு அந்த வசதி இல்லை. இலை வாடுவதும் ஓரம் கருகுவதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நிறம் மாறாமல் பச்சையாகவே இருக்கும் இலைக்குள்ளும் ஒளிச்சேர்க்கை நின்றுபோயிருக்கலாம். அதைத்தான் இந்தச் செய்முறையில் பார்க்கப் போகிறோம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கும் பொருந்தும், அரை நாள் போதும்.

அடிப்படை எளிது. செல்களுக்கு நடுவே காற்று இருப்பதால்தான் இலை தண்ணீரில் மிதக்கிறது. அந்தக் காற்றை வெளியே இழுத்துவிட்டு, அதன் இடத்தில் சோடா கரைத்த நீரை ஏற்றினால் இலைத்துண்டு மூழ்கும். வெளிச்சத்தில் வைத்தால் ஒளிச்சேர்க்கை நடந்து ஆக்சிஜன் உள்ளே சேரும், துண்டு மேலே வரும். சீக்கிரம் வந்தால் இலை நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.

தேவையானவை

பாலக்கீரை ஒரு கட்டு. நேதாஜி மார்க்கெட்டில் காலையில் வாங்கியது என்றால் நல்லது, மதியம்வரை வண்டியில் வாடிய கட்டு வேண்டாம். முளைக்கீரை, அரைக்கீரை எடுக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. இலவம்பாடி கத்திரிச் செடி வீட்டில் இருந்தாலும் அதன் இலையைத் தொட வேண்டாம். கத்திரி இலையின் ரோமத்தில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு துண்டு மூழ்கவே மூழ்காது.

ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச், காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின், கண்ணாடி டம்ளர்கள், 12 வாட் எல்இடி பல்பு, பாத்திரம் கழுவும் திரவம், ஜிப் கவர்கள், 100 டிகிரிவரை காட்டும் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது 42, 43 டிகிரியோடு நின்றுவிடும்.

கரைசல்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் ஆப்ப சோடா. தராசு இல்லையென்றால் இருமல் சிரப் மூடியில் 2.5 மி.லி. கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். பேக்கிங் பவுடர் வேண்டாம். அதில் அமிலம் கலந்திருப்பதால் தண்ணீர் பட்டதும் தானே நுரைத்து எல்லாவற்றையும் மிதக்கவிட்டுவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் நம் ஊரில் பலரும் தவறு செய்வார்கள். போர் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது, சோடா போட்டதும் கலங்கலாம். கேன் தண்ணீர் எடுங்கள். அதையும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஊற்றாதீர்கள்: குளிர்ந்த நீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும். சூடேறும்போது அந்தக் காற்று குமிழியாகப் பிரிந்து, இலைத்துண்டில் ஒட்டி, ஒளிச்சேர்க்கையே இல்லாமல் அதைத் தூக்கிவிடும். முந்தின இரவே அறையில் எடுத்து வைத்த தண்ணீர்தான் சரி.

கடைசியாகப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. இலையின் மெழுகுப் பூச்சைத் தாண்டி நீர் உள்ளே போக இது உதவும். நுரை வந்தால் அதிகமாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் சோடா நீர் சேர்த்து நீர்த்துப்போகச் செய்யுங்கள்.

இலைக்குச் சூடு

நான்கு இலைகள், நான்கு ஜிப் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஈர டிஷ்யூ பேப்பர் ஒன்று, கவர் மூழ்குவதற்கு எடையாக ஒரு ஸ்பூன், பிறகு காற்றை நன்றாகப் பிழிந்து மூடுங்கள். காற்று இருந்தால் வெளியே 45 என்று காட்டும்போது உள்ளே இலை 40-இல் இருக்கும்.

ஒரு கவர் அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். மற்ற மூன்றும் 40, 45, 50 டிகிரி நீரில் தலா 15 நிமிடம். டம்ளரில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும், பக்கெட்டில் ஐந்து லிட்டராவது வையுங்கள். ஒரு டிகிரி இறங்கினால் கொதிநீர் கொஞ்சம் விட்டுக் கலக்குங்கள். எடுத்த பிறகு பத்து நிமிடம் அறையில் ஆறவிட வேண்டும்.

50 டிகிரி மிகை என்று தோன்றலாம். தண்ணீர் உள்ள இலை நீராவியை வெளியேற்றித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். தொட்டி காய்ந்துவிட்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், குளிர்ச்சி நின்றுபோகும், நேர் வெயிலில் இலையின் சூடு காற்றின் சூட்டைத் தாண்டிப் போகும். காற்றே 42 டிகிரி இருக்கும் நாளில் 45 என்பது நடக்கக்கூடிய கணக்குதான். 50 என்பது எல்லையைப் பார்ப்பதற்கு.

துண்டு போட்டு மூழ்கடித்தல்

ஒவ்வோர் இலையிலும் தடித்த நரம்பைத் தவிர்த்துப் பத்துத் துண்டுகள். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றி, துண்டுகளை உள்ளே போட்டு, நசுங்காமல் பிஸ்டனை மாட்டுங்கள். 4 மி.லி. சோடா நீர் இழுத்து, மேலே இருக்கும் காற்றை வெளியே தள்ளுங்கள். இப்போது நுனியை விரலால் இறுக அடைத்துப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து பத்து விநாடி பிடியுங்கள். துண்டுகளின் ஓரத்தில் சிறு குமிழிகள் வரும். லேசாக ஆட்டிவிட்டு விரலை எடுங்கள்.

இரண்டு, மூன்று முறையில் மூழ்கிவிடும். ஐந்து முறை இழுத்தும் மூழ்காத துண்டைத் தூக்கிப் போடுங்கள். விடாமல் இழுத்தால் செல்கள் சிதைந்து, அப்புறம் அது எதற்கும் மிதக்காது.

எண்ணுதல்

நான்கு டம்ளர்களிலும் ஒரே உயரத்துக்குச் சோடா நீர், தலா பத்துத் துண்டுகள், பல்பு எல்லாவற்றுக்கும் ஒரே தூரத்தில், 15 செ.மீ. அளவில். இடம் போதாவிட்டால் ஒவ்வொரு டம்ளராகச் செய்யுங்கள். வெயிலில் வைத்தால் தண்ணீரே சூடாகி கணக்கு குழம்பிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை டம்ளரை லேசாகத் தட்டி, மேலே எத்தனை என்று எழுதுங்கள்.

பத்தும் மிதக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஐந்தாவது துண்டு மேலே வரும் நேரம்தான் முக்கியம். கடைசித் துண்டு நரம்பில் வெட்டியதாகவோ நசுங்கியதாகவோ இருக்கும், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. 8 நிமிடம் என்றால் வேகம் 1/8, அதாவது 0.125. 16 நிமிடம் என்றால் 0.0625, பாதி வேகம்.

இன்னும் இரண்டு டம்ளர்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று சோடா இல்லாத வெறும் நீரில், வெளிச்சத்தில். மற்றொன்று சோடா நீரில், அட்டைப்பெட்டி மூடி இருட்டில். இருட்டில் வைத்தவையும் மிதந்தால் தண்ணீரிலிருந்து பிரிந்த காற்றைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். மறுபடி ஆரம்பத்திலிருந்து வாருங்கள்.

குமிழி சோடாவிலிருந்து வருகிறது என்று நினைப்பது பொதுவான பிழை. சோடா கார்பனை மட்டும்தான் கொடுக்கிறது, ஆக்சிஜன் வருவது தண்ணீர் பிளவுபடுவதால். கனமான ஆக்சிஜன்-18 அணுவை வைத்து ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் இதை 1941-இல் காட்டினார்கள்.

என்ன பார்ப்பீர்கள்

40 டிகிரி இலை அறை வெப்ப இலையோடு ஏறக்குறைய சேர்ந்தே ஓடும். 45-இல் தாமதம் தெரியும். 50-இல் பெரும்பாலானவை அடியிலேயே கிடக்கும், பச்சையோ அப்படியே இருக்கும். பசுங்கணிகத்தில் தண்ணீரைப் பிளக்கும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் சேர்ந்த ஒரு கொத்து இருக்கிறது. அதிகச் சூட்டில் அந்தப் பிடி தளர்ந்து மாங்கனீசு கழன்றுவிடும். இலை ஆறிய உடனே அது சரியாவதில்லை.

அப்படியானால் 40 டிகிரியில் செடிக்கு நோவே இல்லையா? உண்டு, ஆனால் இந்தச் சோதனையில் தெரியாது. சூடு ஏறும்போது, கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியை இயங்க வைக்கும் துணைப்புரதம் முதலில் தள்ளாடும். ஆறினால் பெரும்பாலும் அது மீண்டுவிடும், நாம்தான் பத்து நிமிடம் ஆறவிட்டோமே. கூடவே, வெயிலில் இலைத்துளை மூடுவதால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, ரூபிஸ்கோ ஆக்சிஜனைத் தவறாகப் பிடிப்பது கூடும். அதுதான் ஒளிச்சுவாசம். சோடா நீர் கார்பனை நேராக உள்ளே ஊட்டிவிடுவதால் அந்தத் தட்டுப்பாடும் இங்கே மறைந்துபோகிறது.

முளைக்கீரையை விலக்கச் சொன்னதும் இதனால்தான். அது, கேழ்வரகு, கம்பு, சோளம், கரும்பு எல்லாம் C4 வகை. கார்பனை முன்கூட்டியே திரட்டி ரூபிஸ்கோவிடம் கொடுக்கும் ஏற்பாடு அவற்றுக்கு உண்டு, வட ஆர்க்காட்டு மானாவாரி நிலத்தில் கேழ்வரகு தாக்குப்பிடிக்க அதுவும் ஒரு காரணம். சோடா நீரில் எல்லா இலைக்கும் கார்பன் தாராளம் என்பதால் C4-இன் மேன்மை தெரியாது, தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

உப்பு

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஊர்களுக்கு வெயிலைவிட உப்பு பெரிய தலைவலி. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு கழிவுநீரோடு மண்ணுக்குப் போய்விடுகிறது. இதைப் பார்க்க இலைத்துண்டை உப்புநீரில் ஊறவைப்பது சரியல்ல, வேர் வழியாகப் போக வேண்டும். மூன்று தொட்டிகளில் பச்சைப்பயறு முளைக்கவிட்டு, முதல் ஜோடி இலை விரிந்ததும் வெறும் நீர், லிட்டருக்கு 3 கிராம் உப்பு, 6 கிராம் உப்பு என்று பத்து நாள் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் வடிகால் ஓட்டை இல்லையென்றால் உப்பு நாளுக்கு நாள் ஏறி, 3 கிராம் தொட்டியும் 6 கிராம் தொட்டிபோல ஆகிவிடும். பதினோராம் நாள் ஒரே வயதுள்ள இலைகளைப் பறித்து, சூடு காட்டாமல் நேராகப் பஞ்சிங் மெஷினுக்குக் கொண்டுபோங்கள்.