பிஸ்டலில் .22 கிட் மாட்டிப் பழகுகிறீர்களா?

சென்டர்ஃபயர் பிஸ்டலில் (தோட்டாவின் அடிப்பக்க நடுவில் ஊசி அடித்துச் சுடும் வகை) .22 கன்வெர்ஷன் கிட், அதாவது சின்ன .22 தோட்டாவைச் சுட வைக்கும் மாற்றுப் பாகங்களை மாட்டினால், ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்), பீப்பாய், மேகஸின் (தோட்டா அடைக்கும் பெட்டி) இவைதான் மாறும், பிடியும் ட்ரிகரும் அதேதான், அதனால் கைப்பழக்கம் கெடாமல் தோட்டாச் செலவு நன்றாகவே குறையும். .22-இல் உதைப்பு குறைவு, அதற்கே கை பழகிவிடக் கூடாது என்பதால் இடையிடையே வழக்கமான தோட்டாவையும் சுடுங்கள். ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகவில்லையா? வேகம் கூடிய தோட்டாவைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். காலியாக வைத்து ட்ரிகரை இழுக்க வேண்டாம், ஊசி சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பில் அடித்துப் பள்ளமாக்கிவிடலாம். புதுச்சேரி, கடலூர் உப்புக்காற்று சும்மா விடாது, சுட்ட அன்றே துடைத்து எண்ணெய் போடுங்கள். அப்புறம், 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிக் கணக்குதான், உரிம விஷயத்தை முடித்துவிட்டே கிட் வாங்குங்கள்.