சர்க்கரை நோயைத் தடுக்க ஆலோசனை சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் எல்லையில் நிற்பவர்களுக்கு ஆலோசனை சொல்லப் புதிதாக வருபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். தொடக்கத்தில் நான் சொன்ன அதே தவறான பேச்சு காதில் விழுகிறது. இனிப்பைக் குறை, தினமும் நட என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

சூழலைக் கேட்காமல் ஆளைக் குறை சொல்வது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். இரவுப்பணி பார்க்கும் ஒருவர் வந்தார். ஆலோசகர் ஒரு அச்சடித்த தாளை நீட்டினார்: காலை ஐந்தரைக்கு நடை, இரவு எட்டுக்குள் சாப்பாடு. காலை ஐந்தரைக்கு அவர் வேலையில் இருப்பார். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த முறை, "மனசு வைத்தால் முடியும்" என்று திட்டு விழுந்தது. அப்புறம் வரவே இல்லை. வெகுநாள் கழித்து வந்தபோது இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 6.5 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, அதாவது நோயே வந்துவிட்டிருந்தது. தடுத்திருக்கக்கூடிய காலம் வீணாகப் போயிற்று.

எப்போது தூங்குகிறீர்கள், எத்தனை மணி நேரம், வேலையிடத்தில் என்ன சாப்பிடக் கிடைக்கிறது, நடக்கப் பயமில்லாத இடம் உண்டா? இந்த நான்கு கேள்விகளை முதலிலேயே கேட்டிருக்கலாம். சில இரவுகள் தூக்கம் குறைந்தாலே இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காது. நள்ளிரவில் சாப்பிட்டால், அதே சாப்பாடு பகலைவிட அதிகமாகச் சர்க்கரையை ஏற்றும். பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்புமுன் முடிப்பது, இடைவேளையில் நடப்பது, இருட்டறையில் பகல் தூக்கம் என்று அவரால் முடிகிற வழிகள் இருந்தன. யாரும் சொல்லவில்லை.

பரம்பரை என்று கைவிடுவது

பீமா பழங்குடியினரைப் பாருங்கள். 2006இல் வெளியான ஆய்வின்படி, அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமாக்களில் 38 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதே வேரிலிருந்து வந்து, மெக்சிகோ மலைப்பகுதியில் உடலுழைப்போடு வாழ்பவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவு.

காலையில் நடந்துவிட்டு நாள் முழுக்க உட்காருவது

அரை மணிக்கொரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

புகைப்பழக்கத்தைக் கேட்காமல் விடுவது

புகைப்பவர்களுக்கு ஆபத்து 30 முதல் 40 சதவீதம் கூடுதல். கேளுங்கள்.

எட்டாத இலக்கு வைப்பது

2002இல் முடிவு வெளியான அமெரிக்கத் தடுப்பு ஆய்வில் கேட்டது வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் 7 சதவீத எடைக் குறைப்பும்தான். சராசரியாகக் குறைந்தது 5.6 கிலோ. அதற்கே புதிதாக நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான் குறைந்தது.