சீகாரப் பூங்குருவியை முதன்முதலாகப் பார்ப்பது எப்படி?

வால்பாறையில் முதல் நாள், விடிய இன்னும் நேரம் இருக்கிறது, சன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பையன் சீட்டி அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு மெட்டை ஆரம்பிப்பான், பாதியில் மறந்துவிட்டு வேறெங்கோ போய்விடுவான். போர்வைக்குள்ளிருந்தே திட்டினேன். காலையில் டீ கொண்டுவந்த அக்கா சிரித்தார்: "அது பையன் இல்லைங்க, குருவி."

மேற்குத் தொடர்ச்சி மலையின் சீகாரப் பூங்குருவி அது. மலையாளத்தில் சூளக்காக்க. சூளம் என்றால் சீட்டி.

முதலில் காலம். கோடை மழை தொடங்கியதிலிருந்து தென்மேற்குப் பருவமழை ஓயும்வரை போங்கள், அதுதான் கூடு கட்டும் பருவம், பாட்டும் அப்போதுதான். மற்ற மாதங்களில் நீளமான ஒற்றைச் சீட்டி கேட்டாலே அதிர்ஷ்டம். மழையில் அட்டை ஏறும், காலுறைக்கு மேல் மூக்குப்பொடி தடவிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடம். நிழலான, பாறை கிடக்கும் ஓடை பக்கத்தில் இருக்கிற மாதிரி தங்குமிடம் பிடியுங்கள். விடியுமுன் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து கேட்டால் போதும். இருட்டில் எஸ்டேட் ரோட்டில் நடக்கவே வேண்டாம், யானை நிற்கும். ஓடை இரைச்சலையும் மீறி மனிதச் சீட்டி மாதிரியே ஏறி இறங்கி, எங்கே முடியும் என்று சொல்ல முடியாதபடி வந்தால், அதேதான்.

வெளிச்சம் வந்ததும் ஓடைக்குப் போய், பாலத்துக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் உட்காருங்கள். தேடி அலைந்தால் கிடைக்காது, நான் இரண்டு நாள் அலைந்து பார்த்துவிட்டேன். அப்புறம் ஒரு பாறையில் கறுப்பாக ஏதோ வந்து இறங்கும், ஏறக்குறைய மைனா அளவு, வாலை விசிறி மாதிரி விரித்து மூடும். "அட, கறுப்புக் குருவிதானே" என்று எழுந்துவிடாதீர்கள். அது திரும்பி வெயில் ஒரு கோணத்தில் பட்டால் நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்று நீலம் தெரியும், பட்டுப்புடவையைத் திருப்பினால் ஓரம் மின்னுமே, அப்படி. வெயில் இல்லையென்றால் அலகைப் பாருங்கள். இதற்கு அலகும் காலும் கறுப்பு; அதே மலையில் திரியும் இன்னொரு கறுப்புப் பூங்குருவிக்கு அலகு ஆரஞ்சு. இரை எடுப்பதையும் கவனியுங்கள், நண்டைக்கூடப் பிடித்துப் பாறையில் அடித்துத் தின்னும்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் ஆப்பில் பதிவு செய்து சரிபார்க்கலாம், ஆனால் செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். எவனோ தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று கூட்டை விட்டுவிட்டு அது சண்டைக்குக் கிளம்பும். சிறு பாலத்துக்கு அடியில்கூடக் கூடு வைக்கிற பறவை இது. வாய் நிறையப் புழுவோடு ஒரே பாறையில் நின்று உங்களையே பார்க்கிறதா? சரி, நீங்கள் அதன் வழியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து தள்ளிப் போங்கள்.