12.5% காட்டியும் கணினி திணறியது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு ஒலிப்பதிவுகளை எம்பி3 ஆக்கும் லினக்ஸ் கணினி: செயலியில் 4 கோர் (கணிப்பு அலகு), 8 த்ரெட் (ஒரு கோருக்கு இரண்டு வேலை வரிசை). செயலியின் மொத்தப் பயன்பாடு 12.5% தான், வேலையோ நகரவில்லை.

செயலியின் பயன்பாட்டைக் காட்டும் 'டாப்' (top) திரையில் 1 என்ற எண்ணை அழுத்தியதும் குட்டு வெளிப்பட்டது. ஒரு த்ரெட் 100%, மற்ற ஏழும் சும்மா. 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. கீழே நிரல்களின் பட்டியலிலோ அதே வேலைக்கு 100% என்று இருக்கும். அங்கே உச்சம் 800%. (ஒரே திரையில் இரண்டு கணக்கு!) ஷிப்ட்டோடு ஐ விசையை அழுத்தினால் அதுவும் மொத்தத்தில் பங்காக, 12.5% என்று மாறும்.

எம்பி3 ஆக்கும் நிரலான 'லேம்' (lame) ஒரே த்ரெட்டில்தான் ஓடும். எனவே ஒரு நிரலைப் பல கோப்புகளுக்கு ஓட்டும் 'எக்ஸ்ஆர்க்ஸ்' (xargs) கட்டளையில் பெரிய பி (-P, ஒருசேர ஓடும் எண்ணிக்கை) விருப்பத்துக்கு 4, சிறிய என் (-n, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோப்பு) விருப்பத்துக்கு 1 கொடுத்து, நான்கு கோப்புகளை ஒருசேர ஓட்டினேன். பெரிய பி-க்கு 8 கொடுத்தால் வேகம் இரட்டிக்காது. இரண்டிரண்டு த்ரெட்டுகள் ஒரே கோரைப் பங்கிடுகின்றன. 'டாப்' திரையில், வட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் 'டபிள்யூஏ' (wa) எண் ஏறினால் வட்டுதான் தடை, எண்ணிக்கையைக் குறையுங்கள்.