வீட்டுச் சுவரில் கரும்பலகை அமைக்கும் முறை

பெயின்ட் கடையில் பிளாக்போர்டு பெயின்ட் என்று கேட்டு வாங்கும் கறுப்பு வண்ணம், எனாமலைப் போலப் பளபளக்காது. உலர்ந்த பிறகு அதன் மேல் மிக நுண்ணிய சொரசொரப்பு ஒன்று நிற்கும்; சாக்பீஸைத் தேய்த்து எழுத்தாகப் பிடித்துக்கொள்வது அதுதான். மூன்றடிக்கு நான்கடி பலகைக்கு இரண்டு பூச்சு அடிக்கக் கால் லிட்டர் போதும். ஆனால் பலகை நன்றாக அமைவதில் பெயின்டின் பங்கு பாதிதான். மீதிப் பாதி, அதற்கு முன் சுவரைத் தயார் செய்வதிலும், அதற்குப் பின் காத்திருப்பதிலும் இருக்கிறது.

மதுரையின் பழைய வீடுகளிலும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலும், பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து வந்த சுவர்கள் இன்னும் நிறைய உண்டு. உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாக ஒட்டினால், அந்தச் சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டி எடுக்காமல் பிரஷைத் தொடவே கூடாது. எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் முதல் முறை அவசரப்பட்டுச் சுண்ணாம்பின் மேலேயே அடித்துவிட்டேன். இரண்டு மாதத்தில் பெயின்ட் அப்பளம் போல உப்பி, விரல் நுனி பட்டாலே உரிந்து வந்தது. பிள்ளைகள் எழுதியிருந்த வாய்ப்பாடும் அதோடு உதிர்ந்ததைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஓதம் ஏறும் சுவராக இருந்தால், சுவரையே விட்டுவிட்டு 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றில் அடித்து மாட்டிக்கொள்வது நல்லது.

சுரண்டிய சுவரில் குழிகளுக்குப் பட்டி வைத்து, அது நன்றாகக் காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் சமமாகத் தெரியும் சுவரும் ஏமாற்றும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கை வாட்டத்தில் பிடித்தால், மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நிற்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, மறுநாள் மீண்டும் தேய்த்து எடுங்கள். பிறகு தூசியைத் துடைத்து, ஒரு பூச்சு பிரைமர் அடித்து, ஓர் இரவு உலர விடுங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் பெயின்ட் பிரஷிலேயே இறுகிக் கோடு கோடாக நிற்கும். ஆடிக் காற்றில் தூசி வந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எளிதில் உலராது. தை, மாசி மாதங்களின் காலை வேளையே இந்த வேலைக்கு ஏற்றது.

முதல் பூச்சைக் கிடைவாட்டத்திலும், எட்டு மணி நேரமாவது உலர்ந்த பிறகு 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தடவித் துடைத்துவிட்டு, இரண்டாவது பூச்சை நெடுவாட்டத்திலும் அடிக்க வேண்டும். சிறிய ஸ்பாஞ்ச் ரோலர் கிடைத்தால் பிரஷ் தடம் விழாது. எண்ணெய் வகைப் பெயின்டாக இருந்தால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்; அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ரோலரை டர்பன்டைனில் கழுவலாம்.

இனி மூன்று நாட்கள் யாரும் எழுதக் கூடாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி நிறுத்தி வைப்பது எளிதல்ல என்றாலும், இந்தக் காத்திருப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். நான்காம் நாள், ஒரு முழு சாக்பீஸைப் படுக்கவைத்து, ஓர் இடம் விடாமல் பலகை முழுவதும் வெள்ளையாகும்வரை தேய்த்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். புதுப் பூச்சின் நுண்துளைகளில் சாக்பீஸ் தூள் எங்கும் ஒரே சீராக அமர்ந்துவிடுவதால், பிறகு எழுதும் எழுத்து அழித்தால் முழுதாகப் போகும். இதைச் செய்யாத பலகையில் முதல் நாள் எழுதிய ‘அ’ எத்தனை முறை அழித்தாலும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

முதல் ஒரு வாரம் ஈரத் துணி வேண்டாம். அதன் பிறகும் உப்புச் சுவையுள்ள போர்வெல் தண்ணீரில் துடைத்தால், காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் படியும். குடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதுமானது. முன்பெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவார்கள். ஊமத்தை நச்சுச் செடி என்பதால், அதைப் பிள்ளைகள் கையில் இன்று கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நாள்பட எழுதி எழுதி நடுப்பகுதி வழவழப்பாகி, சாக்பீஸ் வழுக்கத் தொடங்கினால், பழைய பூச்சை உரிக்கத் தேவையில்லை. 220 எண் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, ஒரே ஒரு பூச்சு அடித்து, மீண்டும் மூன்று நாள் விட்டு, மறக்காமல் மறுபடியும் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்த பிறகு எழுதக் கொடுங்கள்.