மச்சு பிச்சு கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி? முதலில் பிங்காமை ஓரமாக வையுங்கள்

பினாங்கில் சனிக்கிழமைதோறும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் மச்சு பிச்சு பற்றிப் பேசினேன், தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மலைமுகட்டில் இன்கா பேரரசு கட்டிய பழைய நகரம் அது. சொதப்பிவிட்டேன். "1911இல் ஹிராம் பிங்காம் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார்" என்று பாடப்புத்தகம் மாதிரி ஆரம்பித்ததும் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் கை தூக்கி, "அதுக்கு முன்னாடி அங்க யாருமே இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த வருடம் அதை வைத்தே வகுப்பை மாற்றி அமைத்தேன், நன்றாக எடுபட்டது. வீட்டிலோ வகுப்பிலோ நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் உயரம். பெரு நாட்டை வரைபடத்தில் காட்டினால் மனதில் நிற்காது, பினாங்கின் கொடிமலையில் (பினாங்கு ஹில்) ஆரம்பியுங்கள். கொடிமலை 833 மீட்டர். அதை மூன்று தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மச்சு பிச்சுவின் 2,430 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இன்காக்களின் தலைநகரான குஸ்கோவோ ஏறக்குறைய 3,400 மீட்டரில் இருக்கிறது, அதாவது ராஜா தலைநகரிலிருந்து மச்சு பிச்சுவுக்கு 'இறங்கி' வந்திருக்கிறார். இதைச் சொன்னதும் சிரித்தார்கள், அப்புறம் தண்ணீர்மலைக் கோயில் படி ஏறியபோது யாருக்கு மூச்சு வாங்கியது என்று ஐந்து நிமிடம் சண்டை போட்டார்கள். போடட்டும், உயரம் மனதில் பதிந்துவிடும்.

ராஜாவைப் பற்றி நீட்ட வேண்டாம். பச்சகூத்தி என்ற பேரரசர், 15ஆம் நூற்றாண்டு, அவருக்கான மாளிகை வளாகம், சுமார் நூறு ஆண்டுகள் புழக்கத்தில் இருந்து பிறகு கைவிடப்பட்டது. இவ்வளவு போதும். இரும்புக் கருவி இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை, எழுத்துக்குப் பதில் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள் என்பதைச் சொன்னால் கண்கள் விரியும்.

அடுத்ததுதான் முக்கியம், இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். சாப்பாடு கட்டிவரும் பிளாஸ்டிக் டப்பாக்களில் நன்றாக உள்ளே தெரிகிற இரண்டை எடுத்து, அடியில் நான்கைந்து ஓட்டை போடுங்கள். ஒன்றில் முழுக்கத் தோட்டத்து மண்ணை அமுக்கி நிரப்புங்கள். மற்றதில் அடியில் பெரிய கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், மேலாக இரண்டு விரல் அளவு மண். அடியில் தட்டு வைத்து, இரண்டிலும் ஒரே குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் டப்பாவில் தண்ணீர் மேலே குட்டையாக நின்று, பக்கம் உப்பி, கடைசியில் ஓரமாகச் சேறு வழியும். இரண்டாவதில் சில நொடிகளில் அடியிலிருந்து சொட்ட ஆரம்பிக்கும். எங்களுக்கு முதல் முறை சரியாக வரவில்லை, மணலை அலசாமல் போட்டதால் ஓட்டை அடைத்துக்கொண்டது. அதனால் மணலை முதலில் கழுவிக்கொள்ளுங்கள்.

மச்சு பிச்சுவின் படிவயல்களுக்கு அடியில் இந்த அடுக்குகள்தான் இருக்கின்றன. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் செங்குத்தான முகட்டில் சரியாமல் நிற்கிறது என்றால் காரணம் சுவரைவிட வடிகால்தான். கட்டுமான வேலையில் சுமார் 60 விழுக்காடு மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்பது அங்கே ஆராய்ந்த பொறியாளர் கென்னத் ரைட்டின் கணக்கு. அடைமழையில் நம்மூர் மலையோரச் சாலைகளில் மண் சரிவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இனிப் பிங்காமை உள்ளே விடலாம். அதற்கு முன் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஆளுக்கொரு துண்டு கொடுங்கள், காரணம் பிறகு தெரியும். 1911 ஜூலை 24, தூறல் விழும் காலை. பிங்காம் ஒரு வெள்ளிக்காசு கொடுப்பதாகச் சொன்னதும் மெல்சோர் அர்தேகா என்ற உள்ளூர் விவசாயி வழிகாட்டச் சம்மதிக்கிறார். ஆற்றின் மேல் கட்டைப் பாலத்தைப் பிங்காம் தவழ்ந்துதான் கடக்கிறார். மேலே போனால் அந்தப் படிவயல்களிலேயே பயிர் வைத்துக்கொண்டு ரிச்சார்தே, அல்வாரெஸ் குடும்பங்கள் இருக்கின்றன! வந்தவருக்குத் தண்ணீரும் அவித்த கிழங்கும் கொடுத்து உபசரிக்கிறார்கள், இடிபாடுகளைச் சுற்றிக் காட்ட ஒரு சிறுவனை அனுப்புகிறார்கள். போதாக்குறைக்கு, அகுஸ்தீன் லிசாரகா என்ற உள்ளூர்க்காரர் 1902இலேயே அங்கு ஒரு கோயில் சுவரில் கரியால் பெயர் எழுதி வைத்திருந்தார், பிங்காமும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த இடத்தில் நிறுத்தி, "யார் கண்டுபிடித்தது?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பிங்காமை வில்லனாக்கவும் வேண்டாம், படம் எடுத்து, அளந்து, உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். ஆனால் அவர் தேடிப் போனது இன்காக்களின் கடைசிப் புகலிடமான வில்கபம்பாவை. அதே பயணத்தில் அந்த இடத்தையும் பார்த்துவிட்டு, அதுதான் என்று தெரியாமலேயே திரும்பினார். 1912இல் தோண்டி யேல் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்ற பொருட்கள் பெருவுக்குத் திரும்பியது 2011, 2012இல்தான்.

எங்கள் வகுப்பில் ஓட்டு இடிபாடுகளைச் சுற்றிக் காட்டிய அந்தச் சிறுவனுக்கே அதிகம் விழுந்தது. ஒருத்தி மட்டும், "கட்டினவங்களுக்குத் தெரியாதா என்ன?" என்றாள். நேரம் இருந்தால் பழங்காலக் கோயில் இடிபாடுகள் உள்ள கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றியும் இதே கேள்வியைக் கேளுங்கள், பினாங்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

கடைசியாக ஒன்று, டப்பா மண்ணைப் பூந்தொட்டியில் போடுங்கள். நாங்கள் லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டி, அது அடைத்து, பள்ளிக் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.